நாலு மைல் செம்மண்

குவீன்ஸ்டவுன்,
14 மார்ச் 1982

உர்சுலா,

ஏழு வருடம் மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரித்து ஒரு வரி எழுதினேன்; பிறகு அடித்துவிட்டேன். நீ பதிலுக்கு என்னை விசாரிக்கப் போவதில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். ஜப்பான் கார், ஸ்டேஷன் வேகன். சாதாரணக் கார் இரண்டு சக்கரத்தால் ஓடும். இதில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கிறது. அதைத் தூக்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

லெங் கீ ரோட்டில் இருக்கும் கடைகளுக்கு ஐந்து சனிக்கிழமை போனேன். விற்பனைக்கு நின்றவன் இளைஞன். "சிங்கப்பூரில் மலையும் இல்லை, சேறும் இல்லையே, உங்களுக்கு எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். விற்க வந்தவன் கேட்கிற கேள்வியா அது? பள்ளிக்கூட அளவுகோலை எடுத்துக்கொண்டு, கடையின் பளிங்குத் தரையில் முட்டி போட்டு, காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே அளந்தேன். எட்டரை அங்குலம். நம் பழைய கார் ஐந்தேகால். பின் இருக்கையை மடக்கினால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அதையும் படுத்துப் பார்த்தேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

பழைய காரை உடைக்கக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் குறையும் என்பது இங்கே சட்டம்.

உனக்கு ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்? நம் மகள் ஆனியைப் புதைத்த அன்று, மண் போட்டு முடிக்கவில்லை, உன் அப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "மாப்பிள்ளை காரைக் காப்பாத்திட்டாரு." அந்த ஐந்து அங்குலக் கார் சேற்றில் உட்கார்ந்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எஸ்டேட்டுக்கே கணக்கு எழுதிய அருளானந்தம் கிராணி அல்லவா; அவர் வாயிலிருந்து வந்தது தீர்ப்பாகிவிட்டது. நீயும் அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டாய். சிங்கப்பூருக்குத் திரும்பவே இல்லை.

இந்தக் கார் அன்று இருந்திருந்தால் நாலு மைலைப் பதினைந்து நிமிடத்தில் கடந்திருப்பேன். இதை அவரிடம் படித்துக் காட்டு.

லாசரஸ்


செராயா எஸ்டேட், கோத்தா திங்கி,
2 ஏப்ரல் 1982

திரு. லாசரஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை. அவருக்குக் கண் போய்விட்டது, காதும் பாதிதான்.

பழைய கார் உங்கள் பெயரில் இருந்தது. என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்பக்கம், ரெக்ஸின் மேல், ஆனி கொண்டை ஊசியால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தாள். நீங்கள் அதற்காக அவளை அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உடைக்கக் கொடுக்கும் முன் ஒரு வரி எழுதியிருந்தால் நான் பஸ் ஏறி வந்து அந்த ரெக்ஸினை அறுத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் கையெழுத்து வேறெங்கும் என்னிடம் இல்லை. நோட்டுகள் எல்லாம் உங்கள் வீட்டில்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் கார் சரியில்லை என்று உங்களை விட்டு வரவில்லை.

இங்கே எனக்கு வேலை இருக்கிறது. மருத்துவச்சி இல்லாமல் மூன்று வருடம் இருந்த எஸ்டேட் இது. போன மாதம் ஆறு பிரசவம்.

உர்சுலா


குவீன்ஸ்டவுன்,
20 நவம்பர் 1982

உர்சுலா,

நோட்டுகளைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், கணக்கு நோட்டு. ரெக்ஸின் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சவரிராஜைத் தலைமை ஆசிரியர் ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் எனக்கு இளையவன். அவனுடைய முதல் பாடக் குறிப்பை நான்தான் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். நேற்று ஆசிரியர் அறையில், "லாசரஸ் சார் கார்ல காட்டுக்கே போலாம், ஆனா அவரு சிங்கப்பூரத் தாண்ட மாட்டாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பரமபிதா அவனை மன்னிக்கட்டும். என்னால் முடியாது.

காலையில் நகருக்குள் நுழைய, காரில் நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை. எல்லோரும் பஸ் நிறுத்தத்தில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நான் ஏற்றுவதில்லை. பின்னால் அத்தனை இடம் வைத்துக்கொண்டு தனியாகப் போகிறேன், சீட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு.

ரோவல் ரோட்டுக்குப் பின்சந்தில் அஸ்மத் என்று ஒரு மெக்கானிக். நல்ல வேலைக்காரன், வாய் நீளம். டயர் நாலும் எட்டு மாதத்தில் மொட்டையாகிவிட்டன என்று காட்டப் போனேன். குனிந்து பார்த்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சார், அந்தக் குட்டி லீவரத் தூக்கிப் போட்டே ஓட்டுறீங்களா?"

"ஆமாம்."

"எப்பவுமா?"

"எப்போதும்தான். அதற்குத்தானே வாங்கினேன்?"

"ஐயோ, காஞ்ச ரோடு லா இது! சேத்துல, மணல்ல மட்டுந்தான் அதப் போடணும். தார் ரோட்டுல போட்டா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ண ஒண்ணு மல்லுக்கட்டும். வழுக்கி விட இடம் இல்ல. முதல்ல டயரத் தின்னும், அப்புறம் உள்ள இருக்குற கியர்ப் பல்லத் தின்னும்."

"எனக்குப் பாடம் நடத்துகிறாயா?"

"நான் எங்க நடத்துறது? காரோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்கதான் வாத்தியாரு, படிச்சுப் பாருங்க."

படித்திருக்கிறேன். பதினேழாம் பக்கம், கட்டம் போட்ட எழுத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதியவனுக்கு மகள் சேற்றில் செத்திருக்க மாட்டாள். ஒரு முறை லீவரை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், உர்சுலா. ஹாலண்ட் ரோடு வளைவு வரைக்கும் கூடப் போக முடியவில்லை. ஓரம் கட்டி, லீவரைத் தூக்கிவிட்டுத்தான் மூச்சு வந்தது. நான்கு டயர் புதிதாக வாங்கிப் போட்டேன். லீவரை இறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அங்கே வரலாம் என்றிருக்கிறேன். ஆனியின் கல்லறையை நான் இன்னும் கல் வைத்துப் பார்க்கவில்லை. மழைக்காலம்தான், இந்தக் காருக்கு மழை ஒன்றும் செய்யாது.

லாசரஸ்


செராயா எஸ்டேட்,
15 டிசம்பர் 1982

திரு. லாசரஸ் அவர்களுக்கு,

நோட்டுகள் வந்தன. நன்றி.

காரில் வர வேண்டாம். கல்லறைக்கு வருவதானால் பஸ்ஸில் வாருங்கள். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் பஸ் ஏறி எஸ்டேட் முனையில் இறங்கினால் நாலு மைல் நடை. நாங்கள் எல்லோரும் நடக்கிறோம். சம்பளம் வாங்கி, சாமான் வாங்கி, தலையில் அரிசி மூட்டையோடு பெண்கள் நடக்கிறார்கள். மழை பெய்தால் ஒன்றரை மணி நேரம். வெயிலில் ஒன்றேகால்.

உர்சுலா


குவீன்ஸ்டவுன்,
3 ஜனவரி 1983

உர்சுலா,

நான் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தாய். என்ன சொல்ல வருகிறாய் என்பது எனக்குப் புரிகிறது. எட்டு வருடமாக நேரடியாகச் சொல்லாமல், இப்போது பஸ் வழி சொல்வது போலச் சொல்கிறாய். நேராகவே பேசுவோம்.

18 டிசம்பர் 1974. பள்ளி விடுமுறைக்கு உன் அப்பா வீட்டுக்கு வந்திருந்தோம். மதியம் இரண்டு மணிக்குக் கொல்லைப்புறத்தில் ஆனியைப் பாம்பு கடித்தது. நான் அவளைக் காரில் போட்டேன். நீ பின்னால் ஏறினாய். இரண்டரை மைல் மிச்சம் இருக்கும் இடத்தில் கார் சேற்றில் இறங்கியது. இறங்கிச் சாக்குப் போட்டேன், மட்டை வெட்டிப் போட்டேன், கையால் சேற்றை அள்ளினேன். என் விரல் நகம் இரண்டு பெயர்ந்தது. சும்மா நின்றேனா? ஒவ்வொரு முறையும் கார் ஒரு முழம் ஏறியது, பிறகு சரிந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் ஏறிவிடும் என்று யாருக்கும் தோன்றும். உனக்கும் தோன்றியது. தோன்றாமல் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய்.

நீ ஒரு முறை ஏதோ சொன்னாய். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு எஸ்டேட் டிராக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு நான் குற்றவாளி என்றால், அந்தச் சாலையைப் போட்ட துரை? பாம்புக்கடி மருந்து வைக்காத ஆஸ்பத்திரி அறை? அந்தக் காரை ஐந்து அங்குல உயரத்தில் செய்தவன்? எல்லோரையும் விட்டுவிட்டு என் ஒருவன் மேல் தீர்ப்பு எழுதினீர்கள்.

பதில் வேண்டாம்.

லாசரஸ்


செராயா எஸ்டேட்,
12 டிசம்பர் 1983

திரு. லாசரஸ் அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை. இப்போது எழுதுவது எனக்காக அல்ல.

இங்கே முத்தாயி என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண். வயது முப்பத்தொன்று. அவளுடைய முதல் இரண்டு பிரசவமும் நான் பார்த்தது. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கி, குழந்தை வரும் வழியை மறித்துக் கிடக்கிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அவ்வப்போது ரத்தம் படுகிறது. நடக்கக் கூடாது, மோட்டார் சைக்கிளில் உட்காரக் கூடாது, படுக்க வைத்தே கொண்டு வர வேண்டும் என்று கோத்தா திங்கி டாக்டர் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பெரிதாக ரத்தம் போக ஆரம்பித்தால் என் கையில் ஒன்றும் இல்லை.

எஸ்டேட் ஜீப் அச்சு முறிந்து பட்டறையில் நிற்கிறது. மழை பிடித்துவிட்டது. டாக்சிக்காரர்கள் முனையோடு நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் காரில் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சேற்றில் போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். வர முடியுமா?

உர்சுலா


குவீன்ஸ்டவுன்,
17 டிசம்பர் 1983

உர்சுலா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வருகிறேன். விடுமுறைதான்; தடை ஒன்றும் இல்லை.

நாளைக்கு 18. அந்தச் சாலையில் அந்தத் தேதியில் என்னால் ஓட்ட முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு, வருவதற்கு முன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

முதலில், உன் அப்பா. அந்த ஒரு வார்த்தையை அவர் திரும்ப எடுக்க வேண்டும். வீட்டுக்குள் அல்ல, அன்று போல எஸ்டேட் லயத்து ஜனங்கள் நாலு பேர் நிற்கும்போது சொல்ல வேண்டும். அவருக்குக் கண் தெரியாவிட்டால் என்ன, வாய் இருக்கிறது அல்லவா?

நீ முன் இருக்கையில், என் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தப் பெண்ணைச் சேர்த்த பிறகு, ஒரே ஒரு நாள் சிங்கப்பூர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். ஆனியின் கட்டிலை நான் எடுக்கவில்லை.

இதற்குச் சரி என்று இரண்டு வரி எழுது. கிடைத்த அன்றே புறப்படுகிறேன். கார் தயார். வளைவில் திரும்பும்போது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது. பிரித்துப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று அஸ்மத் சொல்கிறான். ஒரு வாரம் வேலை கிடைத்தால் யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்?

லாசரஸ்


தந்தி
கோத்தா திங்கி, 21 டிசம்பர் 1983, பிற்பகல்

நிபந்தனை எல்லாம் சரி. உடனே வரவும். உர்சுலா.


குவீன்ஸ்டவுன்,
5 ஜனவரி 1984

உர்சுலா,

ஆஸ்பத்திரி வாசலில் நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். முத்தாயி பிழைத்துவிட்டாள், குழந்தை இல்லை என்று நர்ஸ் சொன்னாள். மருதப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரய்யா, நீங்க இல்லாட்டி எம் பொண்டாட்டியும் இல்ல" என்றான். கையை இழுத்துக்கொண்டேன். அவன் ஏதாவது தப்பாக நினைத்திருந்தால் சொல்லிவிடு.

இருபத்திரண்டாம் தேதி நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நான் என்ன பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. அதை எழுதியாக வேண்டும்.

போகும்போது கார் போனது. எட்டரை அங்குலமும் நான்கு சக்கரமுமாக, சத்தம் போட்டுக்கொண்டு, நாலு மைலையும் ஏறியது. உன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவாய். உன் அப்பா எங்கே என்றுதான் முதலில் பார்த்தேன். நீ ரத்தம் தோய்ந்த துணியோடு ஓடி வந்தாய். அன்று விடியற்காலையிலேயே அவளுக்குப் பெரிதாகத் தொடங்கிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது, அரை மைல் வந்து, புகைக்கூடத்து மேட்டில் ஏறும்போது பின்னால் ஏதோ முறிந்தது. முறிந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முன் சக்கரம் இரண்டும் சும்மா சுற்றின. பின் சக்கரம் அசையவில்லை. லீவர் என் கையில் மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது. அத்தனை நாள் தேய்த்தது அந்த மேட்டில் வந்து முடிந்தது. ஊர் திரும்பி அஸ்மத்திடம் சொன்னபோது அவன் கேலி செய்வான் என்று நினைத்தேன். "காரு போனா போவுது சார். நீங்க உக்காருங்க, கோப்பி சொல்றேன்" என்றான். அதைவிடக் கேலி செய்திருக்கலாம்.

சேற்றில் இறங்கினேன். இறங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? சாக்கைத் தேடினேன். மட்டை கிடக்கிறதா என்று பார்த்தேன். "பத்து நிமிடம்" என்று என் வாயில் வந்துவிட்டது. நீ பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையில் நின்றாய், என்னைப் பார்க்காமல். மருதப்பன் ஏற்கெனவே அவள் படுத்திருந்த கேன்வாஸின் ஒரு முனையைப் பிடித்துவிட்டான். மறு முனைக்கு ஆள் இல்லை. நான் பிடித்தேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு இடத்தில் விழுந்தேன். முட்டி இன்னும் மடங்கவில்லை. அந்தப் பெண் வழியெல்லாம், "ஐயா, மெதுவா, நீங்க பாத்து வாங்க" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். தார்ச் சாலையில் பலகை லாரிக்காரன் நிறுத்தியபோது மணியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மூன்றரை மைல். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். மருதப்பன் அவள் எடை எண்பத்தெட்டு பவுண்டு என்றான், நீ உன் அட்டையில் எழுதியிருந்ததாம்.

ஆனி நாற்பத்தாறு பவுண்டு. அவளுக்கு இரண்டரை மைல்தான் இருந்தது. மூன்று மணி நேரமும் இருந்தது.

போன வருடம் உனக்கு எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. மழைச் சத்தம் இருந்தது உண்மை. நீ சொன்னது கேட்டது. "தூக்கிட்டு நடந்துடலாங்க" என்றாய். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை ஆனியே, "அப்பா, நடக்கலாம்பா" என்றாள். அவளை நான் அதட்டினேன். அந்தக் காரை வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நம் அடுக்குமாடியில், நம் கோவிலில், என் பள்ளியில், முதலில் கார் வாங்கியவன் நான். அதைச் சேற்றில் விட்டுவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, உன் அப்பாவின் எஸ்டேட் ஆட்கள் பார்க்க நடந்து வர எனக்கு மனம் வரவில்லை.

உன் அப்பா சொன்னது சரி. அவர் திரும்ப எடுக்க வேண்டாம்.

காரைப் பற்றி ஒன்றும் செய்யாதே. கிடக்கட்டும்.

லாசரஸ்


செராயா எஸ்டேட்,
20 ஜனவரி 1984

ஆனி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து எழுதுகிறேன்.

நீங்கள் பொய் சொன்னது எனக்கு முன்பே தெரியும். ஆனி சொன்னதை நீங்கள் கேட்டீர்களா என்பது மட்டும்தான் இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. மன்னித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். காதருகில் சத்தமாக. "எந்த வார்த்தை?" என்று கேட்டார். சொன்னேன். "நானா சொன்னேன்?" என்றார். பிறகு, "கார் நல்ல கார்தானே?" என்றார். அவருக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் ஒன்பது வருடம் சுமந்ததை அவர் மறுநாளே இறக்கி வைத்திருப்பார் போல.

நான் எழுத வேண்டியது வேறு.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது மருதப்பன் வந்தான். "அம்மா, ஜீப் வராது. நாங்க எட்டுப் பேரு சேந்து கேன்வாஸ்ல போட்டுத் தூக்கிட்டுப் போயிர்றோமே. மாத்தி மாத்தித் தூக்குனா ஆடாமக் கொண்டு போயிரலாம்" என்றான். அன்று மழை விட்டிருந்தது. முத்தாயிக்கு ரத்தமும் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம்பா. சிங்கப்பூர்லேருந்து காரு வருது. சேத்துலயும் போற காரு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டான். "காரு வருது" என்றேன். உங்கள் நிபந்தனைக் கடிதம் வந்த அன்றும் அவன் வாசலில் நின்றான். அன்றாவது சரி என்று சொல்லியிருக்கலாம். தந்தி கொடுக்கப் போனேன், நாலு மைல் நடந்து. போகும்போது வெறும் கையோடு நடந்தேன். எட்டுப் பேரும் முத்தாயியும் என்னோடு வந்திருக்கலாம்.

முதல் நாளே தந்தி ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தந்தி கொடுத்தால் கெஞ்சுவது போல இருக்கும் என்று கடிதம் எழுதினேன். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அந்தக் கார் வர வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. மேட்டில் ஏறி வருகிறதா, என் வாசலில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்து நின்றால் ஆனி செத்தது காரால்தான், உங்களால் அல்ல என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் படுக்க வைத்துக்கொண்டு நான் இதை நினைத்தேன்.

பையன். ஆறு பவுண்டு. ஒன்பது நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். யார் தாமதித்தது என்று கேட்டார். ஜீப் முறிந்துவிட்டது என்றேன். மருதப்பன் பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது என்னைப் பார்த்தால் முன்போலவே கும்பிடுகிறான். முத்தாயி மறுபடி பால் வெட்டப் போகிறாள்.

நீங்கள் மூன்று மணி நேரம். நான் பத்து நாள். ஒன்பது வருடம் உங்களை வைத்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இனி எண்ண எனக்கு யோக்கியதை இல்லை.

மருதப்பனிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இருக்கிறேன். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

கார் புகைக்கூடத்து மேட்டில் அப்படியே நிற்கிறது. நாலு சக்கரமும் பாதி புதைந்துவிட்டது. கண்ணாடி ஏறியிருக்கிறது, பின் கதவு மட்டும் சாத்தவில்லை. நான்தான் திறந்து வைத்துவிட்டு வந்தேன். பால் வெட்டப் போகிறவர்கள் மழைக்கு உள்ளே ஒதுங்குகிறார்கள். காலையில் போகும்போது நானும் அதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறேன்.

பஸ்ஸில் வாருங்கள். கணக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள், அவள் எழுத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். முனையில் வந்து உங்களுக்காக நிற்க மாட்டேன். முட்டி வலித்தால் இரண்டாவது மைலில் உட்கார்ந்து வாருங்கள், அங்கே ஒரு கல் இருக்கிறது. வந்ததும் இரண்டு பேரும் முதலில் மருதப்பன் வீட்டுக்குப் போவோம். கல்லறைக்குப் பிறகு போகலாம்.

உர்சுலா